தெளிக்காத வாசல்

மார்கழி பிறந்துவிட்டால் செஞ்சியின் மலைகள் காணாமல் போய்விடும். ராஜகிரி என்று ஒன்று இருந்ததா, கிருஷ்ணகிரி என்று ஒன்று இருந்ததா என்று சந்தேகப்படும்படி, விடிந்து வெகுநேரம் வரை வெள்ளைப் பனி மூடிக் கிடக்கும். கோட்டை மதிலோரப் புளியமரங்கள் மழை பெய்யாமலே சொட்டும். பாறை இடுக்கில் ஒண்டிய புறாக்கள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திண்டிவனம் போகிற முதல் பஸ் இரண்டு மஞ்சள் கண்களை விழித்துக்கொண்டு தடவித் தடவி வந்து நிற்கும். தலையில் துண்டைக் கட்டிய ஆண்கள் டீக்கடை பாய்லரைச் சுற்றி நின்று கை காய்வார்கள்.

இந்தப் பனியை அழகு என்று சொல்கிறவர்கள் எல்லாரும் போர்வைக்குள் இருந்துகொண்டு சொல்கிறவர்கள். உண்ணாமலைக்கு அது முழங்கால் வரை நனைந்த புடவை. சாணித் தண்ணீரில் ஊறி வெடித்த விரல். குனிந்தால் நிமிர மறுக்கிற இடுப்பு.

கடைத்தெருவில் ஆறு வீட்டு வாசல் அவளுடையது. கோழி கூவுவதற்கு முன்பே வாளியும் துடைப்பமுமாகப் போய், பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்து, கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து, அதன் தலையில் ஒரு பறங்கிப்பூவைச் செருக வேண்டும். அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்ற அறுபத்தைந்தாம் வருஷம் அது. கோலத்துக்கு அரிசி மாவு கிடையாது, வெள்ளைக்கல் பொடிதான். அந்தப் பொடி வெடித்த விரலுக்குள் புகுந்தால் மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். எரிந்தாலும் கோடு கோணக் கூடாது. மளிகைக் கடை ஆதிநாராயணனின் மனைவி மனோரமா வாசற்படியில் சால்வையோடு நின்றுகொண்டு, "அந்த மூலையில ஒரு புள்ளி வுட்டுட்டியே" என்பாள்.

பூ எல்லாம் உண்ணாமலையின் வீட்டுப் பூ. அவள் குடிசையின் கூரை முழுக்கப் பறங்கிக் கொடி படர்ந்து, மார்கழியில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். முதல் நாள் பொழுது சாயும்போதே மொட்டாகப் பறித்து ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவாள். தன் கூரையில் பூத்த பூவை ஊரார் வாசலுக்கெல்லாம் சுமந்தாளே, அந்தப் பாவி மகளின் வாசலில் மட்டும் பூ இல்லை. கோலமும் இல்லை. பெருக்கித் தண்ணீர் தெளிக்கவும் ஆள் இல்லை.

ஏன்? காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அதுதான் அவள் கதையிலேயே மிகவும் வேதனையான சங்கதி.

உண்ணாமலை அனந்தபுரத்துப் பெண். முருகையனுக்கு வாழ்க்கைப்பட்டுச் செஞ்சிக்கு வந்தவள். மணிலாக் கொட்டை பிடுங்குவது, களை எடுப்பது, கோட்டைப் பக்கம் போய் விறகு பொறுக்குவது என்று அவள் உடம்பு சும்மா இருந்த நாள் கிடையாது. வயிறு மட்டும் திறக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு மறக்கச் செய்தவள் மங்கை. முருகையனின் தம்பி துரைராஜின் ஒரே மகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தவழும் வயதிலேயே மங்கை அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு பெரியம்மா மடிக்கு வந்துவிடுவாள். அவள் அம்மா சாமுண்டீஸ்வரி, "போ, அங்கியே போ. உன்னப் பெத்தவ அவதான்" என்று பாதிச் சிரிப்பும் பாதிப் பொறாமையுமாகச் சொல்வாள்.

போன பங்குனியில் கோட்டை அடிவாரத்தில் புளி உலுக்க மரமேறிய முருகையன் கிளையோடு கீழே வந்தான். இடுப்பு எலும்பு நொறுங்கியது. கட்டுப் போட்டார்கள்; கட்டைப் பிரித்தார்கள்; மறுபடியும் கட்டினார்கள். கால் தரையில் ஊன்றவில்லை. வாய் மட்டும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தபடியே தெருவில் போகிறவர்களை எல்லாம் கிண்டல் செய்வான். உண்ணாமலை வாசல் தெளிக்கப் போனது அதற்கப்புறம்தான்.

அதில் சாமுண்டீஸ்வரிக்கு மானம் போயிற்று. "வாசல் தெளிக்கிற குடும்பம்னு பேரு வரும். நாளைக்கு எம் பொண்ணுக்கு எவன் வருவான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வந்தான். பனமலையில் நிலமும் கிணறும் உள்ள பூவாயியின் மகன் தனசேகரன். ஐப்பசியில் பெண் பார்த்தார்கள், பிடித்துப் போயிற்று. பக்கத்து வீட்டில் அண்ணன் படுத்துக் கிடக்கிறார் என்று அவர்களிடம் சொன்னதோடு சரி; உண்ணாமலை அன்று புருஷனை விட்டு நகர முடியாமல் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டாள். தை பிறந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு. மங்கை வெட்கத்தோடு பெரியம்மாவின் தோளில் முகம் புதைத்தபோது, இத்தனை வருஷத்து அலுப்பும் இறங்கிப் போனது போல உண்ணாமலைக்கு இருந்தது.

அலுப்பு அப்படி இறங்கிப் போகிற சரக்கா? மார்கழி நடுவில் அது திரும்ப வந்தது.

ஆறு வாசலையும் முடித்துவிட்டுத் திரும்பும்போது கிழக்கு மெல்ல வெளுக்கும். வீட்டில் முருகையனைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, துணி மாற்றி, கஞ்சி வைக்க வேண்டும். அதற்கு முன் தன் வாசலைத் தெளித்துவிடலாம் என்றுதான் தினமும் நினைப்பாள். அன்று வாளியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று வாசற்படியில் உட்கார்ந்தாள். நிலையில் தலை சாய்ந்தது. கொண்டை அவிழ்ந்து மயிர் முகத்தில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. நெற்றிக் குங்குமம் பனியில் எப்போதோ கரைந்து போயிருந்தது.

நடுவில் ஒரு தடவை கண் லேசாகத் திறந்தது. பனிக்குள் தெருமுனையில் ஒரு பருத்த பெண்பிள்ளை, தலையில் கூடையோடு, வாயில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். யாரோ சந்தைக்கு வந்தவள் என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி விழித்தபோது நல்ல வெயில். வெயில் ஏறிய பிறகு தெளிக்கிற வழக்கமில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் அதே கதை.

அடுத்த சந்தை நாளன்று துரைராஜ் மணிலா மூட்டையைப் போட்டுவிட்டு வீடு திரும்பியபோது, முகம் செத்த முகமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போடக்கூட மறந்து கையில் பிடித்தபடி வந்தான்.

"இன்னா ஆச்சு?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"சம்பந்தம் வேணாங்கறாங்க."

"யாரு?"

"பனமலைக்காரங்கதான். பூவாயம்மாவோட வூட்டுக்காரர சந்தையில பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கினாரு. புடிச்சு நிறுத்திக் கேட்டா, சாவ மறைச்சுக் கல்யாணம் பண்ற வூட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு சொல்ட்டுப் போறாரு."

"சாவா? யாரு சாவு?"

துரைராஜ் சுவரைப் பார்த்தான். "அண்ணன் செத்துப் போச்சாம். ஒரு வருஷம் நல்ல காரியம் பண்ணக் கூடாதேன்னு நாம கம்முனு எடுத்துப் போட்டுட்டோமாம். போன சந்தைக்கு வந்தப்ப அந்தம்மா மங்கை போடுற கோலத்தைப் பாக்கலாம்னு காலையில இந்தத் தெருவுக்கு வந்திருக்குது. நம்ம வாசல்ல கோலமும் பூவும். பக்கத்துல அண்ணன் வாசல் காஞ்சு கெடக்குது. மார்கழியில காஞ்ச வாசல்னா அதுக்கு வேற இன்னா அர்த்தம்? வாசப்படியில அண்ணி வேற தலைய விரிச்சுப் போட்டுக்கினு சாஞ்சி கெடந்துச்சாம்."

சுவருக்கு இந்தப் பக்கம் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த உண்ணாமலையின் கை நின்றது. வாயில் கை வைத்து நின்ற அந்தப் பெண்பிள்ளை! அவளா பூவாயி?

சாமுண்டீஸ்வரி புயல் மாதிரி வந்து நின்றாள். பின்னாலேயே மங்கை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஊர் வாசலெல்லாம் தெளிக்கிறியே, உன் வாசலத் தெளிக்க உனக்குக் கை இல்லியா? ஒரு வாளித் தண்ணி! ஒரு இழை கோலம்! உன் கூரையில பூத்த பூவுதானே? ஒரு பூ வெக்க மனசு வர்லியா?"

உண்ணாமலை என்ன சொல்வாள்? தாலி கட்டிய பெண்பிள்ளை மார்கழியில் வாசலைக் காயப் போட்டதற்குத் தூக்கம் வந்துவிட்டது என்பதா காரணம்?

"பேச மாட்டியே. ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் பெத்தவ வயிறு எப்படி எரியுதுன்னு."

"யம்மா!" என்று கத்தினாள் மங்கை.

சொன்னவளுக்கே சொல் சுட்டிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திவிட்டாள். உண்ணாமலை கரண்டியைக் கீழே வைத்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே!

அப்போது கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நான் செத்துட்டேனா?" என்றான் முருகையன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே! சாமுண்டி, படையல்ல இன்னா வெச்சீங்க? கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தீங்கன்னா நான் மன்னிச்சுடுறேன்."

"மாமா, எம் பொண்ணு வாழ்க்கை போச்சுன்னு நான் கெடக்கறேன். உங்களுக்கு வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்லம்மா. செத்தவன் நேர்ல போய் நின்னா சந்தேகம் தீந்துச்சு இல்ல? டேய் தொரை, காலையில வண்டியப் பூட்டு. வைக்கோல் நெறையப் போடு. பனமலைக்குப் போறோம்."

"வண்டி குலுக்கல் உங்க இடுப்பு தாங்குமா?" என்றாள் உண்ணாமலை, முதல் முறையாக வாய் திறந்து.

"ஊரே என்ன எரிச்சுட்டுச்சு. இனிமே இடுப்பு இருந்தா இன்னா, போனா இன்னா?"

மறுநாள் கடைத்தெரு ஆறு வாசலையும் அவசரமாக முடித்துவிட்டு உண்ணாமலை வண்டியில் ஏறினாள். முருகையனை நான்கு பேர் பாயோடு தூக்கி வைக்கோல் மேல் கிடத்தினார்கள். துரைராஜ் மாட்டைத் தட்டினான். சாமுண்டீஸ்வரி தெருமுனை வரை வந்தாள். ஓரகத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அனந்தபுரம் தாண்டும் வரை பனி விடவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரை விலகியது. சம்பா நெல் தலை சாய்ந்து மஞ்சளாகி நின்றது. வரப்பு அவரையில் ஊதாப் பூ. பனைமரங்கள் பாதி உடம்போடு அந்தரத்தில் தொங்கின. மின்சாரக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கரிச்சான்கள் இறகை உதறிக்கொண்டன. பிறந்த ஊரைக் கடந்து போகிறோம் என்ற நினைப்பும் இல்லாமல் உண்ணாமலை புருஷனின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து, குழி வரும்போதெல்லாம் தாங்கிக்கொண்டே வந்தாள். தன்னால்தான், தன் ஒருத்தியின் சோம்பலால்தான் மங்கை அழுகிறாள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனசில் இல்லை.

உச்சிப் பொழுது நெருங்கும்போது பனமலை ஏரி தெரிந்தது. மழைத் தண்ணீர் கரை முட்டத் தளும்பியது. குன்றின் மேலிருந்த கோயில் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு கொடுத்து வைத்த ஜென்மங்கள் என்று உண்ணாமலைக்குத் தோன்றியது.

பூவாயி வீட்டுக் கொல்லையில் மொச்சை பறித்து மடியில் கட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். அதே பருத்த உடம்பு. வண்டியைப் பார்த்துக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "யாரது?" என்றாள்.

முருகையன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். "நான்தாம்மா. மங்கையோட பெரிய நைனா. செஞ்சியில செத்துப் போனேனே, அவன்."

பூவாயியின் மடியிலிருந்த மொச்சை பூராவும் கீழே கொட்டியது.

"பயப்படாதீங்க. பேய்னா பறந்து வந்திருக்கும். இந்த ரோட்டுல மாட்டு வண்டியில வந்து இடுப்ப ஒடிச்சுக்குமா? வேணும்னா கிள்ளிப் பாருங்க."

பூவாயி கிள்ளவில்லை. ஆனால் கிட்டே வந்து நன்றாகப் பார்த்தாள். பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

"அப்ப அந்த வாசலு? நான் கண்ணால பாத்தேனே அண்ணே! ஒரு பொம்பள தலைய விரிச்சுப் போட்டு, நெத்தியில ஒண்ணும் இல்லாம, படியில சாஞ்சி அழுதுக்கினு கெடந்தாளே!"

உண்ணாமலை வண்டியிலிருந்து இறங்கினாள். "அது நான்தாம்மா."

"அழுதியே?"

"அழல. தூங்கிட்டேன்."

துரைராஜ் திரும்பி அண்ணியைப் பார்த்தான். வைக்கோல் மேல் கிடந்தவனும் பார்த்தான்.

"தூக்கமா?"

"ஆமாம்மா. இவர் கெடையில விழுந்ததுல இருந்து நான் ஆறு வூட்டு வாசல் தெளிக்கிறேன். அன்னிக்கு முடிச்சிட்டு வந்து உக்காந்தேன். எங்கூட்டு வாசலுக்குக் கை வர்ல. துக்கம் இல்லம்மா, தீட்டும் இல்ல. அலுப்பு. அம்மாம் அலுப்பு. யாருகிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இதுல அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவ வாசல்ல கோலம் இருந்துச்சு இல்ல? அத மட்டும் பாருங்கம்மா. என் வாசலப் பாக்காதீங்க."

அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. கொட்டிய மொச்சையைப் பொறுக்கித் தரலாம் என்று அவள் குனிந்தாள். பூவாயியும் குனிந்தாள். நான்கு கைகள் ஒரே இடத்தில் சேர்ந்தன. வெடித்து, வெள்ளைப் பொடி ஏறி, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்த அந்த விரல்களைப் பூவாயி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "கைக்கு வெளக்கெண்ண தடவு" என்றாள் அதட்டலாக.

"சரிம்மா."

"பொண்ணு கோலம் நல்லாத்தான் இருந்துச்சு. தை பொறந்ததும் பரிசத்துக்கு வரோம். ஆனா எங்க சனம் பூரா வரும். நான் சொன்னத அவங்களும் கேட்டாங்க. நான் நம்பறேன், அவங்க நம்பணும் இல்ல? அதனால மார்கழி முடியற வரைக்கும் உன் வாசல் காயக் கூடாது. யாராவது ஒருத்தர் சந்தைக்கு வரப்ப எட்டிப் பாப்பாங்க. சொல்ட்டேன்."

உண்ணாமலை தலையை ஆட்டினாள். மங்கையின் கல்யாணம் பிழைத்தது. கூடவே, ஏழாவதாக ஒரு வாசலும் அவள் தலையில் ஏறியது.

வரும்போது வாய் ஓயாமல் பேசிய முருகையன் திரும்பும்போது பேசவில்லை. வலி எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அவன் உதட்டைக் கடித்திருந்ததிலிருந்தே தெரிந்தது. ஏரி மறைந்து, பொழுது சாய்ந்து, பனி இறங்கத் தொடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னான்:

"தூங்கிட்டேன்னு அங்க சொன்னியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எழுந்து தெளிச்சிருப்பீங்களா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. அவள் முந்தானையால் அவன் முகத்துப் பனியைத் துடைத்தாள். பனிதான் என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலை உண்ணாமலை வாளியோடு வெளியே வந்தாள். கடைத்தெருப் பக்கம் திரும்பின காலை நிறுத்தினாள். பிறகு தன் வாசலிலேயே முதல் கைத் தண்ணீரைத் தெளித்தாள். நாள் கணக்கில் காய்ந்த மண் அந்தத் தண்ணீரை உறிஞ்சி வாசனை விட்டது. சின்னதாக ஒரு கோலம். சாண உருண்டை. தன் கூரைப் பூ ஒன்று. அதைச் செருகிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் எழவில்லை. நேற்றைய வண்டிப் பயணம் முழுவதும் உடம்பில் இருந்தது. கோலப்பொடிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான். கடைத்தெருவில் மனோரமா சால்வையோடு வந்து நின்றுகொண்டிருப்பாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. சாமுண்டீஸ்வரி வந்தாள். கோலத்தைப் பார்த்தாள். நிலையில் சாய்ந்திருந்த ஓரகத்தியைப் பார்த்தாள். அவள் நெற்றியில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. சாமுண்டீஸ்வரி உள்ளே போய்ச் சிமிழை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை எடுத்து, அந்த நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

உண்ணாமலை திடுக்கிட்டுக் கண் திறந்தாள். "சாமுண்டி, நேரமாச்சா? கடைத்தெருவுக்கு..."

"உக்காரு. மறுபடியும் எவளாவது வந்து பாத்துட்டு எங்க மாமாவக் கொல்லப் போறா." வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். துடைப்பத்தையும் பூ மூட்டையையும் எடுத்தாள். "எந்தெந்த வூடு?"

"நீயா? உனக்குக் கௌரவக் குறைச்சல் ஆச்சே."

"அந்த மளிகைக் கடைக்காரி எதுனா சொன்னா ரெண்டு கேட்டுட்டு வரேன். அது எனக்குக் குளுருக்கு நல்லது." முகத்தை மட்டும் எங்கோ திருப்பிக்கொண்டாள். "அன்னிக்கு நான் பேசினத மனசுல வெச்சுக்காத அக்கா." பதிலுக்கு நிற்காமல் பனிக்குள் நடந்துவிட்டாள். வாளியின் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

உண்ணாமலை எழுந்திருக்கவில்லை. தலை மறுபடி நிலையில் சாய்ந்தது. மலை இன்னும் வெளியே வரவில்லை. எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து, கோலத்தை மிதித்து, பறங்கிப்பூவை நோக்கி வாயை நீட்டிற்று.

"ஏய்! தோ! ஓடு!" உள்ளே கட்டிலில் இருந்து முருகையன் போட்ட அதட்டலில் ஆடு துள்ளி ஓடியது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும், அந்த வீட்டு ஆண்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான் என்று.

உண்ணாமலைக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.